பேர் சொல்லாமல் ஏற்றிய மூட்டை

மூட்டையை இறக்கிக் கீழே போட்ட பிறகும் வண்டி எழும்பவில்லை.

அங்கமுத்து மண்டியிட்டு, வண்டிக்கூட்டின் அடிச்சட்டத்துக்கும் அதன் கீழே ஓடும் அச்சுக்கும் நடுவில் விரல்களை அடுக்கிப் பார்த்தான். பின்பக்கம் நாலு விரல் தாராளமாக நுழைந்தது. முன்பக்கம் மூன்றுதான். நாலாவது விரல் நகத்தோடு நின்றுவிட்டது. முன் பலகையில் மணல் மூட்டை இருந்தபோதும் மூன்றுதான் இருந்தது. இப்போது அந்த மூட்டை அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் கிடந்தது, வாய்க்கட்டு வழியே ஈர மணல் சிந்திக்கொண்டிருந்தது.

"அடச்சே, வார் நீண்டுபோச்சு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். எந்தக் காலத்துத் தோலோ. வேறென்ன இருக்க முடியும்?

அது ஒல்லாந்து துரையின் கோச்சு வண்டி. ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர்கள், இரண்டாம் முறை பழவேற்காட்டுக்குத் திரும்பி வந்தபோது கோட்டையை இங்கிலீஷ்காரன் இடித்துவிட்டுப் போயிருந்தான். மிச்சமிருந்த ஒரு கிடங்கில் இந்த வண்டி வௌவால் எச்சத்துக்கு அடியில் நின்றது. நாலு மூலையிலும் வளைந்த இரும்பு வில், வில்லிலிருந்து தோல் வார், வாரில் தொட்டில் மாதிரித் தொங்கும் மரக்கூடு. உள்ளே எதிரும் புதிருமாக உட்கார இரண்டு பலகை, இடது பக்கம் ஒரே ஒரு கதவு. அந்தக் கதவுதான் தலைவலி. கோச்சு வண்டி வேலை தெரிந்தவன் ஊரில் எவனும் இல்லை என்பதால் துரைக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் துபாசி தருமலிங்கம் படகு கட்டும் அங்கமுத்துவைப் பிடித்துப் போட்டுவிட்டார். செல்லரித்த அடிச்சட்டத்தை அவன் மாற்றினான். கதவைக் கழற்றி இழைத்து, கீலுக்கு அடியில் தோல் துணுக்கு கொடுத்து மாட்டினான். வண்டி காலியாக நின்றால் கதவு அழகாகச் சாத்திக்கொண்டது. துபாசி ஏறி உட்கார்ந்ததும் கூடு தழைந்தது, நிலை கோணிக்கொண்டது, கதவு இறுகிவிட்டது. அவரை வெளியே இழுக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

"இன்னாப்பா இது, எலிப்பொறி செஞ்சு வெச்சிருக்கியா?" என்று அவர் கத்தினார். "வெள்ளிக்கெழம துரைசானி கொழந்தையோட பட்டணத்துக்குக் கெளம்புறாங்க. கொழந்தைக்கு வைத்தியம் பாக்கணும். போற வழியில கதவு இப்பிடி மாட்டிகிச்சுன்னா உன் தல என் தல ரெண்டும் போவும்."

அதனால்தான் அங்கமுத்து தனக்குத் தெரிந்த வழிக்குப் போனான். படகைக் காலியாக வைத்து யாரும் சரிபார்க்க மாட்டார்கள். ஆள் உட்காரும் இடத்தில் எல்லாம் ஆள் எடைக்கு மணல் மூட்டை வைத்து, தழைய வேண்டியதெல்லாம் தழைந்த பிறகு பலகை பொருத்துவார்கள். மூட்டை வைக்கும்போது அங்கே உட்காரப்போகிறவன் பேரைச் சொல்லி "ஏறு" என்பார்கள். வேலை முடிந்ததும் அதே பேரைச் சொல்லி "இறங்கு" என்று தூக்குவார்கள். பேர் சொல்லி இறக்காத இடம் காலியாகாது என்பது பேச்சு. அங்கமுத்து முப்பது வருஷமாக இதைச் செய்கிறான், எச்சில் துப்புவதுபோல யோசிக்காமல்.

பின் பலகைக்கு, "துரைசானி, ஏறு." முன் பலகைக்கு வந்ததும் கை நின்றது.

"இங்க யாருங்கய்யா உக்காருவாங்க?"

"ஆயா ஒருத்தி வருவா. யாருன்னு இன்னும் துரைசானி சொல்லல."

"பேரில்லாம எப்பிடிங்கய்யா ஏத்துறது?"

துபாசி விழுந்து விழுந்து சிரித்தார். மணல் மூட்டைக்குப் பேர் வைக்கும் ஆளை அவர் பார்த்ததே இல்லையாம். அங்கமுத்துவுக்குக் கூச்சமாகிவிட்டது. அந்தச் சிரிப்போடு சேர்ந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. மூட்டையைத் தொப்பென்று பலகையில் போட்டு, ஏரிப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"யாராச்சும் ஒருத்தர் வந்து ஏறுங்கப்பா! எடம் காலியாத்தான் கெடக்குது!"

இருவரும் சிரித்தார்கள். நல்ல உச்சி வெயில். கரையில் வலை உலர்ந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான் நடந்தது.

பாரத்தோடு கதவைப் பொருத்தி முடித்து, "துரைசானி, இறங்கு" என்று பின் மூட்டையைத் தூக்கியபோது வில் முனகிக்கொண்டு எழும்பியது. முன் மூட்டைக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. சும்மா தூக்கிப் போட்டான். அப்போதுதான் இந்த மூன்று விரல்.

சாயங்காலம் வீட்டு வாசலில் கால் வைப்பதற்குள் தேவகி ஓடி வந்தாள். பதினாறு வயது. அவள் தாய் போன பிறகு அவனுக்கென்று இருந்தது அவள் ஒருத்திதான். இரண்டு மாதமாகத் துரை வீட்டில் அந்தச் சீக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள்.

"நைனா! துரைசானி என்னியத்தான் பட்டணத்துக்கு இட்டுனு போறாங்களாம்! கோச்சு வண்டியில! உள்ள உக்காந்து!"

அவனுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. பொன்னேரி சந்தைக்கு அப்பால் போகாத பெண். அவள் தட்டில் சோறு போட்டு மீன் குழம்பை ஊற்றும்வரை சந்தோஷமாகவே இருந்தான்.

"உள்ளன்னா எங்க?" என்று பிறகு கேட்டான்.

"துரைசானிக்கு எதிர்ல. முன் பலகையில."

பிசைந்த சோற்றை அவன் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. குழம்பு நன்றாக இல்லையா என்று அவள் இரண்டு தரம் கேட்டாள்.

புதன்கிழமை விடிந்ததும் கிடங்குக்குப் போனான். முன்பக்கத்து வார்கள் இரண்டையும் கழற்றிப் பின்பக்கத்துக்கும், பின்பக்கத்து வார்களை முன்பக்கத்துக்கும் மாற்றினான். நீண்ட வார் பின்னால் போனால் பின்பக்கம்தானே தழைய வேண்டும்? தழையவில்லை. முன்பக்கமே தழைந்து நின்றது. வாரை இரண்டு துளை இழுத்துக் கட்டினான். நாலு விரல் வந்தது. அப்பாடா என்று கிடங்கு வாசல் கல்லில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தான். வெளியே கொக்குகள் சேற்றில் கால் மாற்றும் சத்தமும், தொலைவில் முகத்துவாரத்து அலையின் ஓயாத இரைச்சலும், கிடங்கின் இடிந்த சுவரில் உப்பு பூத்து உதிரும் மெல்லிய பொருபொருப்பும் காதில் விழுந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே, அவசரமே இல்லாமல், யாரோ களைத்துப்போய் மெத்தையில் சாய்வதுபோல, தோல் ஒருமுறை கிறீச்சிட்டது. வெற்றிலையை வாயில் வைத்தபடியே எழுந்துபோய் விரலை வைத்துப் பார்த்தான். மூன்று.

கதவைத் திறந்தான். உள்ளே சேற்று வாடை. ஏரி வற்றும் மாதங்களில் கரையில் வெடித்துக் கிடக்கும் கறுப்புச் சேற்றின் வாடை. மூட்டை மணலின் ஈரமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். முன் பலகையின் மெத்தை நடுவில் அமுங்கியிருந்தது. மூட்டை இருந்த தடம். கையால் தட்டித் தட்டி உப்ப வைத்தான். உப்பியது. பார்த்துக்கொண்டே நின்றான். அது முதலில் இடப்பக்கம், பிறகு வலப்பக்கம், மெல்ல, வசதி பார்த்துக்கொண்டு, மறுபடியும் அமுங்கியது.

அவன் கையை வெளியே இழுத்துக்கொண்டான். கதவு தானே சாத்திக்கொண்டது. கொக்கி டொக்கென்று விழுந்தது. அவன் இடுப்பில் செருகியிருந்த பனையோலை நறுக்கை எடுத்து, கதவுக்கும் நிலைக்கும் நடுவில் விட்டு மேலிருந்து கீழ்வரை இழுத்தான். ஓலை எங்கும் சிக்கவில்லை, எங்கும் தொளதொளக்கவும் இல்லை. சுற்றிலும் ஒரே இடைவெளி. பாரத்தோடு பொருத்திய கதவு, பாரம் இருந்தால்தான் இப்படி உட்காரும்.

ஏதோ ஒன்று உள்ளே உட்கார்ந்திருக்கிறது. தேவகி உட்கார வேண்டிய இடத்தில்.

அன்றைக்கு அவளிடம் போகாதே என்றான். ஏன் என்றாள். கதவு சரியில்லை என்று மழுப்பினான்.

"போ நைனா. உனுக்கு என்னிய உட்டுட்டு இருக்க முடியலன்னு சொல்லு," என்று அவள் அவன் தோளில் இடித்தாள். "நீ செஞ்ச வண்டியில நான் ஏறாம யாரு ஏறுவா?"

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அதைப் பிரிவு என்று எடுத்துக்கொண்டாள். ஒரு மாசம்தானே நைனா, ஒரு மாசம்தானே என்று சின்னப் பிள்ளையைச் சமாதானப்படுத்துவதுபோல முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

வியாழக்கிழமை துபாசியிடம் நேராகவே போனான்.

"ஐயா, வண்டி சரிப்படல. கதவு உக்காரல. இன்னும் பத்து நாளு வேணும்."

தருமலிங்கம் கிடங்குக்கு வந்தார். கதவைத் திறந்து ஒற்றை விரலால் தள்ளினார். கதவு எங்கும் உரசாமல் போய் நிலையில் படிந்தது. மறுபடி திறந்து தள்ளினார். டொக். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இதவிட இன்னாப்பா வேணும்? சீமையில செஞ்சது கூட இப்பிடி சாத்தாது!"

"உள்ள ஏதோ இருக்குதுங்கய்யா."

"இன்னா இருக்குது?"

"தெரியலங்க. நான் கூப்ட்டேன். பேர் சொல்லாம கூப்ட்டேன். வந்து உக்காந்துகிச்சு."

துபாசி அவன் பக்கத்தில் நெருங்கினார். வாயை முகர்ந்து பார்த்தார். கள் வாடை இல்லை. "வெயில்ல வேல செஞ்சது தலைக்கு ஏறிடுச்சு. மோர் குடிச்சிட்டுப் படு," என்று கனிவாகவே சொல்லிவிட்டுப் போனார். அவர் கோபப்பட்டிருந்தால்கூட அங்கமுத்துவுக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

தனியாக நின்றான். இறக்கியே ஆக வேண்டும். பேர் தெரிந்தால் இறக்கிவிடலாம். கூப்பிட்டபோது ஏரியைப் பார்த்தல்லவா கூப்பிட்டான்? அப்படியென்றால் தண்ணீரோடு போனவர்களில் ஒருவராக இருக்க வேண்டும். தனக்குத் தெரிந்தவர்களை நினைவில் தேடித் தேடி எடுத்தான்.

"பொன்னுரங்கம், இறங்கு."

வில் அசையவில்லை.

"சுப்பராயலு, இறங்கு."

ஒன்றுமில்லை. முகத்துவாரத்தில் கவிழ்ந்த தோணியில் இருந்த ஆறு பேர், புயலில் கரை சேராத அண்ணன் தம்பி, இறால் தடவப் போய்ச் சேற்றில் புதைந்த கிழவி வேலம்மா என்று ஒவ்வொரு பேராகச் சொன்னான். உள்ளே யாரோ காதைத் தீட்டிக்கொண்டு கேட்பதுபோல அமைதி. ஒவ்வொரு பேரையும் போட்டுப் பார்த்து, எனக்கு ஆகாது என்று கழற்றி வைப்பது மாதிரி ஓர் அமைதி. முப்பது பேருக்கு மேல் அவனுக்கு ஞாபகம் வரவில்லை. இந்தக் கரையிலிருந்து ஒல்லாந்தர் கப்பலில் அடிமைகளாக அடைத்துக்கொண்டு போனவர்களின் பேர் யாருக்குத் தெரியும்? வழியில் கடலில் வீசப்பட்டவர்களின் பேர்?

"நீ யாரு?" என்று கேட்டான். "உன் பேரு இன்னா?"

தோல் கிறீச்சிட்டது. முன்பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. யாரோ கதவுப் பக்கமாக, அவன் பக்கமாக, நகர்ந்து உட்கார்ந்தார்கள். ஆனால் பதில் இல்லை. அதற்கே தெரியவில்லைபோல.

பேரே இல்லாததை இறக்க முடியாது என்ற நினைப்பு வந்ததும் ஓடிப்போய் மர ஆணி ஒன்றை எடுத்தான். கதவையும் நிலையையும் சேர்த்துத் துளைபோட்டு, அடித்து இறக்கினான். ஒன்று போதாதென்று மூன்று. ஆணித் தலைகளை நறுக்கி இழைத்தான். இனி கோடாலி வைத்துப் பிளந்தால்தான் கதவு திறக்கும். பிளக்க நேரமிருக்காது. பயணம் தள்ளிப்போகும். தள்ளிப்போனால் வேறு வழி கிடைக்கும். அதையே சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

வெள்ளிக்கிழமை அவன் வருவதற்குள் குதிரைகளைப் பூட்டிவிட்டார்கள். வண்டிக்காரன் அந்தோணிசாமி மேலே ஏறி உட்கார்ந்திருந்தான். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. கதவு அகலத் திறந்து கிடந்தது. மூன்று மர ஆணியும் மிதிபடிக்குக் கீழே தரையில் வரிசையாகக் கிடந்தன. உடையவில்லை. நனைந்திருந்தன.

"கதவு தொறந்துதான்பா இருந்திச்சு," என்றான் அந்தோணிசாமி.

துரைசானி ஏறினாள். கூட்டின் பின்பக்கம் தழைந்தது. தேவகி குழந்தையை அவளிடம் நீட்டிவிட்டுத் திரும்பினாள். புதுச் சேலை. தலை நிறையப் பூ. அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"வரேன் நைனா."

"வேணாம் தேவகி," என்று அவள் கையைப் பிடித்தான். "வேணாண்டி. நைனா சொல்றத கேளு."

"எல்லாரும் பாக்குறாங்க, உடு நைனா." சிரித்துக்கொண்டே விரல்களை விடுவித்துக்கொண்டாள்.

மிதிபடியில் கால் வைத்தாள். அவன் முன் அச்சருகே குந்தி விரலை வைத்தான். மூன்று.

உள்ளே போனாள். மூன்று.

உட்கார்ந்தாள்.

மூன்று.

ஒரு பெண் ஏறி உட்கார்ந்தும் வண்டி இம்மியும் தழையவில்லை. உள்ளே குழந்தை வீறிட்டது. அது தேவகியைப் பார்த்து அழவில்லை. அவள் தோளுக்கு மேலே பார்த்து அழுதது. கதவு தானே சாத்திக்கொண்டது. டொக். அங்கமுத்து பாய்ந்து கொக்கியைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. நகத்தை இடுக்கில் விட்டு இழுத்தான். நகம் பெயர்ந்தது. அவன் கையாலேயே பொருத்திய கதவு. அசையவில்லை. அந்தோணிசாமி கடிவாளத்தை உதறினான். குதிரை தலையை ஆட்டியது. சக்கரம் அரை வட்டம் உருண்டது.

அவனுக்கு வேறொன்றும் தோன்றவில்லை. பெண்ணைக் கீழே இறக்க வேண்டும். அவ்வளவுதான். முப்பது வருஷமாகப் பழகிய அதே குரல் தொண்டையிலிருந்து வந்தது.

"தேவகி, இறங்கு!"

அந்தப் பேரை வாங்கிக்கொண்டு யாரோ இறங்கியதுபோல மிதிபடி ஒருமுறை அமுங்கி எழுந்தது. கதவு திறக்கவில்லை.

வில் முனகியது. கூட்டின் முன்பக்கம் எழும்பியது. மூன்றரை. நாலு. முன் பலகையில் யாருமே உட்காராதது மாதிரி எழும்பி நின்றது.

தேவகி ஜன்னலுக்குள்தான் உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தேவகி."

அவள் திரும்பவில்லை.

"தேவகி! ஏ பொண்ணே! நைனா கூப்புடுறேன்!"

தெருவில் ஏதோ சத்தம் கேட்டதுபோல மெல்லத் திரும்பினாள். அவனைப் பார்த்தாள். சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்ற துபாசியைப் பார்த்தாள்.

"இந்தப் பெரியவரு யாரைக் கூப்புடுறாரு?" என்று கேட்டாள்.

"இன்னா பொண்ணே, கெளம்புற நேரத்துல நைனாகிட்ட வெளாட்டா?" என்று தருமலிங்கம் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வண்டி நகர்ந்தது. முன்பக்கம் தூக்கிக்கொண்டு, லேசாக ஆடிக்கொண்டு, பொன்னேரிச் சாலையில் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. அங்கமுத்து ஓடப் பார்த்தான். முடியவில்லை. அவன் வலது கையை யாரோ பிடித்திருந்தார்கள்.

ஈரமான கை. சில்லென்று இருந்தது. சேற்று வாடை. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தான். நல்ல வெயில். மணலில் அவன் நிழல் ஒன்றுதான் இருந்தது. பக்கத்தில் இரண்டு பாதங்களின் அளவுக்கு மணல் அமுங்கி, சுற்றிலும் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

"நைனா," என்றது.

அது தேவகியின் குரல் இல்லை. பேசியே பழக்கமில்லாத குரல்.

"நைனா," என்றது மறுபடியும். இந்த முறை கொஞ்சம் ஒத்திருந்தது.

அங்கமுத்து கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"வா நைனா," என்றாள் தேவகி, அவன் விரல்களோடு விரல்களைக் கோத்துக்கொண்டு. "ஊட்டுக்குப் போலாம்."